அலாரத்துக்கு மட்டும் நல்ல காற்று

ஈப்போவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குத் தலைவலி. பக்கத்து மேசை மலாய்ப் பெண் என் முகத்தைப் பார்த்ததுமே "மாசோக் ஆங்கின்" என்றாள். உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டதாம். இங்கே வயிறு உப்பினால் காற்று, முதுகு பிடித்தால் காற்று. தொழிற்சாலையில் நச்சுவாயு காட்டும் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. நான் படித்த பாடத்தில் காற்றுதான் மருந்து.

பழைய ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், சேகர் அண்ணன் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறேன். அவரும் அவர் மனைவி தேவி அக்காவும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்கள். குளியலறையில் கேஸ் ஹீட்டர் இருந்ததால், குடிவந்த வாரமே கூடத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாட்டினேன். "ஊர்க்காரப் பொண்ணு நம்ம வீட்டுக்கு மணி கட்டிருச்சு லா" என்று அண்ணன் சிரித்தார். இந்தியாவிலிருந்து வந்தவர்களை இங்குள்ள தமிழர்கள் ஊர்க்காரர்கள் என்பார்கள். எந்த ஊர் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அக்காவுக்குப் பிள்ளை பிறந்து பதினோராம் நாள், சனிக்கிழமை காலை. மழை. கடைக்குப் போய்த் திரும்பினேன். அலாரம் வாசலில், செருப்பு அடுக்கின்மேல் இருந்தது. பக்கத்தில் அண்ணன் போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாம்பிராணி போட்டேன், நாலு நாலா கத்துச்சு தங்கச்சி. வெளிய கொண்டாந்து வச்சேன், வாய மூடிக்கிச்சு பாருங்க."

ஒற்றைச் சத்தம் என்றால் பேட்டரி. நான்கு நான்காகக் கத்தினால் வாயு. நல்ல காற்றுக்கு வந்ததும் அது அடங்கியிருக்கிறது. அக்காவும் பிள்ளையும் எங்கே என்று கேட்டேன். தலைக்கு ஊற்றி, அறையில் கரிச்சட்டி வைத்து, காற்று படாமல் கதவைச் சாத்தியிருப்பதாகச் சொன்னார்.

"அண்ணே, கரியில இருந்து விஷவாயு வருது. ரெண்டு பேரையும் இப்பவே வெளிய தூக்கணும்."

"ஒரு வாசமும் வரலையே?"

"அதுக்கு வாசமே கிடையாது."

"பெத்த உடம்பு. மழைக்காத்து பட்டா நீங்களா வந்து பாப்பீங்க?"

பதில் சொல்ல நேரமில்லை. போகிற வழியில் வாசற்கதவை அகலத் திறந்துவிட்டு, அறைக் கதவைத் தள்ளினேன். ஏசி அறை. அலுமினிய ஜன்னல் இறுக மூடியிருந்தது. நான் பிள்ளையை எடுத்தேன். பின்னாலேயே வந்த அண்ணன் அக்காவைத் தாங்கிக்கொண்டார். அவளுக்குக் கால் நிற்கவில்லை.

வாசலுக்கு வந்ததும் பிள்ளைக்குக் குல்லா எடுக்க அவர் திரும்பினார். சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போகக்கூடாது. குல்லாவுக்காகவும் கூடாது, கரியை அணைக்கவும் கூடாது. என் துப்பட்டாவால் பிள்ளையின் தலையைச் சுற்றினேன். "தல சுத்துதுன்னு அப்பவே சொன்னேன். பத்தியச் சாப்பாடு, அப்படித்தான் இருக்கும்னாரு," என்றாள் அக்கா. குரல் குழறியது.

பொம்பாவை, அதாவது தீயணைப்பு நிலையத்தை, அழைத்தேன். எதிர்முனையில் இருந்தவர் "ஆப்பி அடா?" என்றார். "நோ, நாட் ஹேப்பி," என்றேன். அண்ணன் அந்த நிலையிலும் தலையில் அடித்துக்கொண்டார். "நெருப்பு இருக்கான்னு கேக்குறான் லா!" நெருப்பு இல்லை என்று சொன்னால் வரமாட்டார்களோ என்று எனக்குப் பயம். பேபி, கேஸ், ஆம்புலன்ஸ் என்று மூன்று சொற்களைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். வந்தார்கள். அளந்து பார்த்த பொம்பாக்காரர் தன் முகமூடியை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போனார்.

மருத்துவமனையில் இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கரூர் நினைவுக்கு வந்தது. என் அக்காவின் பிரசவத்துக்கும் அம்மா இப்படித்தான் கரி மூட்டி ஜன்னலைச் சாத்தினாள். எங்கள் ஓட்டு வீட்டின் இடுக்குகள் வழியே புகை தானாகப் போய்விட்டது. அண்ணன் பிறந்த லயத்துப் பலகைச் சுவரிலும் விரல் நுழையும் இடைவெளி உண்டாம். எங்களை எல்லாம் காப்பாற்றியது அந்த ஓட்டைகள்தான். வழக்கம் கப்பல் ஏறி வந்தது, தோட்டத்திலிருந்து தாமானுக்கும் வந்தது. ஓட்டைகள் கூடவே வரவில்லை. வழக்கத்தை விட்டால் தமிழன் இல்லை என்று கரி மூட்டுகிறார்கள். அதில் மூச்சு முட்டுவது யார் என்று ஒரு தமிழனும் கேட்பதில்லை.

மூன்றாம் நாள் இருவரும் நலமாக வீடு திரும்பினார்கள். கூடம் நிறைய விருந்தாளிகள். பின்னறைச் சுவர் மெல்லியது. பிள்ளை தும்மும்போதெல்லாம் பேச்சு என்மீது வந்தது. நச்சுவாயு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளை யாரும் கேட்கவில்லை. தேவி அக்காவாவது ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் குரலே எழவில்லை.

அன்று மாலை அம்மா அழைத்தாள். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். கரியிலிருந்து வாயு, இருவரும் பிழைத்தார்கள், ஆக்சிஜன். எல்லாம் கேட்டுவிட்டு, "என்ன இருந்தாலும் பெத்த உடம்பக் கொண்டுபோய் மழையில நிறுத்துவியாடி? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றாள்.

போனை மறு காதுக்கு மாற்றினேன். காலியான காதில், சுவருக்கு அப்பாலிருந்து, சேகர் அண்ணன் யாரிடமோ அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.