சக்கரக் கப்பலில் பதினெட்டாம் பெருக்கு

ஃபிரிஸ்கோவில் ஓர் இட்லிக் கடையில் சமையல் வேலை எனக்கு. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கடையில் யாராவது இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

பக்கத்தில் ஆறு இல்லாததால் என் மனைவி ஆடிப் பதினெட்டைச் சமையலறைக் குழாயடியிலேயே கும்பிட்டு வந்தாள். போன வருடம் மகளும் மாப்பிள்ளையும் எங்களை மிசிசிப்பி ஆற்றில் ஓடும் சக்கரக் கப்பலுக்கு அழைத்துப் போனார்கள். பயணத்தின் மூன்றாம் நாள் ஆடிப் பதினெட்டு.

"இந்த வருஷமாவது நெஜ ஆத்துல கும்பிடணுங்க" என்று புளியோதரை கிளறி எடுத்துக்கொண்டாள்.

கப்பல் புதியது. லிஃப்ட், ஏசி, வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில் எல்லாம் இருந்தன. பின்பக்கம் இரண்டு மாடி உயரத்துக்குச் சிவப்புச் சக்கரம். பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கி, தண்ணீரைத் தள்ளிவிட்டு, சொட்டச் சொட்ட மேலே வரும்.

"அது சும்மா ஷோவுக்கு மாமா. கீழ மோட்டார் இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

இரண்டு நாள் அதன் எதிரிலேயே நின்றேன். அவ்வளவு தண்ணீரைத் தள்ளுவது ஷோவாக இருக்காது என்று பட்டது. மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை கப்பல் கரையில் கட்டியிருந்தது. மகளும் மாப்பிள்ளையும் எழவில்லை. மனைவி கீழ்த்தளத்தில் பூசைத் தட்டிலிருந்து பூவையும் காதோலை கருகமணியையும் எடுத்து ஆற்றில் விடக் கம்பிக்கு வெளியே கை நீட்டினாள்.

"நோ மேம், நோ!"

தளம் கழுவிக்கொண்டிருந்த பணிப்பெண் ஓடிவந்தாள். ஆற்றில் ஒரு பூகூட விழக் கூடாது என்பது அவள் கையசைவிலேயே புரிந்தது. மனைவியின் முகம் வாடிவிட்டது.

"பாப்பாவ எழுப்பட்டுமா?" என்றேன்.

"அவ வந்தா ரூமுக்குப் போன்னுதான் சொல்லுவா. நீங்க பேசுங்க. கடையில மாதிரி சிரிச்சிட்டு உள்ள போயிடாதீங்க."

பணிப்பெண்ணிடம் கயிறு கட்டிய வாளி ஒன்று இருந்தது. அதைக் காட்டினேன்.

"மை வைஃப்... ரிவர்... காட். ஃபிளவர் புட், நோ. வாட்டர், டேக்?"

அவள் தட்டைப் பார்த்தாள். அதிலிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள். பிறகு வாளியைக் கழுவி, ஆற்றில் இறக்கி, தண்ணீர் மொண்டு எங்கள் முன்னால் வைத்தாள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளி நின்றாள். அவளை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

"புதுத் தண்ணி கணக்கா கலங்கலா இருக்குங்க!" என்று மனைவி வாளிக்குப் பொட்டு வைத்தாள். பூவைத் தட்டிலேயே வைத்துக் கும்பிட்டாள். பிறகு மஞ்சள் கயிற்றை என்னிடம் நீட்டினாள். காபிக் கோப்பையோடு இரண்டு வெள்ளைக்காரப் பாட்டிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலை குனிந்தபடியே அவள் கழுத்தில் கட்டினேன். அவர்கள் கைதட்ட, என் காது சுட்டது.

பணிப்பெண் வாளித் தண்ணீரை ஆற்றிலேயே ஊற்றினாள். புளியோதரையை இரண்டு தடவை வாங்கித் தின்றாள். வந்த தைரியத்தில் சக்கரத்தைக் காட்டி, "ரியல்?" என்றேன்.

"ரியல்!" என்று சொல்லி, தள்ளுவது போல் இரண்டு கையாலும் காட்டினாள்.

காலைச் சாப்பாட்டின்போது சக்கரம் சுற்றத் தொடங்கியது.

"சக்கரம்தான் தள்ளுதாம், மாப்ளே. கேட்டேன்."

"நீங்களா கேட்டீங்க? யார்கிட்டப்பா?" மகள் நிமிர்ந்தாள்.

"ஆமா, உங்கப்பாதான்" என்றாள் மனைவி. புதுக் கயிற்றின் மஞ்சள் அவள் கழுத்திலெல்லாம் ஒட்டியிருந்தது.