மங்களம் பாடிய பிறகு

முப்பதுகளின் நடுவில், நாங்கள் மலாயாவில் காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது நடந்தது இது. என் கணவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். டாக்டர் எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பார். மற்றபடி மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது, காய்ச்சல்காரர்களைக் கவனிப்பது எல்லாம் இவர் தலையில்தான்.

மனிதருக்குச் சங்கீதப் பைத்தியம். கும்பகோணத்தில் வளர்ந்தவர். புண்ணைத் துடைக்கும்போதுகூட வாய் காம்போதி ராகத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். எனக்குச் சங்கீதம் தாலாட்டோடு சரி. "நோயாளி முனகுறதும் நீங்க பாடுறதும் ஒண்ணாத்தான் கேக்குது" என்று கேலி செய்வேன். சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்துவிடுவார்.

அந்த வருஷம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரிய வித்வான் ஒருவர் பக்கவாத்தியக்காரர்களோடு கப்பலில் வந்து இறங்கினார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தாக்கள் நடத்திய சபையில் வாராவாரம் அவர் கச்சேரி. என் கணவர் அந்த வித்வானின் பேரைக் கேட்டே வளர்ந்தவர். பாட்டை மட்டும் கேட்டதில்லை. இசைத்தட்டு கொடுக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த வித்வான் அவர். நேரில் கேட்டால்தான் உண்டு.

ஆனால் தோட்டத்தில் மலேரியா மும்முரமாக இருந்த சமயம் அது. மானேஜர் துரை லீவு தரவில்லை. ஒவ்வொரு கச்சேரிக்கும் போய் வந்த தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா கிராணியார், "அடடா, நேத்து காம்போதி இருக்கே!" என்று தொடங்கினால், இவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்குக் கிராணியார்மேல்தான் கோபம் வரும்.

கடைசிக் கச்சேரி எங்களுக்குப் பக்கத்து டவுனான கிள்ளானில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அதற்கு மட்டும் துரை மனமிரங்கினார். நான் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு தயாரானேன். நாங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்த நேரம், ஒரு பால்மரத் தொழிலாளி தன் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். குழந்தைக்குக் காய்ச்சலில் ஜன்னி கண்டு கைகால் வெட்டிக்கொண்டிருந்தது.

இவர் உடனே சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். குழந்தை கண் விழித்துத் தண்ணீர் கேட்கும்வரை பக்கத்தைவிட்டு நகரவில்லை. பிழைத்துக்கொண்டது. அதில் எனக்கு இன்றும் நிம்மதிதான்.

கிடைத்த பஸ்ஸைப் பிடித்துக் கிள்ளான் போய்ச் சேர்ந்தோம். கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே மங்களம் பாடிக்கொண்டிருந்தார்கள். மங்களம் பாடிவிட்டால் கச்சேரி முடிந்தது. அதற்குமேல் மேடையில் பாடுவது முறையில்லை. இவர் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

சபைக் காரியதரிசி இவருக்குப் பழைய சிநேகிதர். நடந்ததைக் கேட்டதும், வித்வான் தங்கியிருந்த கடைவீட்டு மாடிக்கே எங்களை அழைத்துப் போனார். வித்வான் களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்திருந்தார். காரியதரிசி குழந்தையின் கதையையும் இவருடைய காம்போதிப் பித்தையும் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மங்களம் பாடியாச்சேன்னு பாக்காதீங்க. இது மேடை இல்லீங்களே. உங்களுக்காக ஒரு காம்போதி பாடட்டுங்களா?"

எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. இவர் கைகளைக் கூப்பினார்.

"ஐயோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்? மங்களம் காதுல விழுந்ததே போதுங்க."

எங்கள் வழக்கம் அதுதானே. பந்தியில்கூட முதலில் கேட்டால் போதும் என்போம்; இன்னொரு தரம் வற்புறுத்தினால் இலையை நீட்டுவோம். கேட்டவுடனே சரி என்று சொன்னால் அலைகிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். நானும் வித்வான் இன்னொரு தரம் கேட்கட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

வித்வான் சற்று நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு, "உங்க இஷ்டம்" என்று சொல்லி, குடிக்கக் காப்பி கொண்டுவரச் சொன்னார். குடித்துவிட்டுக் கும்பிட்டு இறங்கி வந்தோம்.

பஸ்ஸில் என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏங்க, பாடுங்கன்னு சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"இன்னொரு வார்த்தை கேப்பாருன்னு நெனச்சேன்" என்றார். "போகட்டும், அடுத்த வருஷம் வராமயா போயிடுவாரு?"

வரவில்லை. ஊர் திரும்பிய கொஞ்ச காலத்திலேயே அவர் காலமானார் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. அதற்குப் பிறகு இவர் ஆஸ்பத்திரியில் காம்போதி முணுமுணுத்து நான் கேட்டதில்லை. கேலி செய்ய ஆளில்லாமல் போனதுபோல நான்தான் தவித்தேன்.

வெகுநாள் கழித்துக் காரியதரிசி தோட்டத்துக்கு வந்திருந்தார். பேச்சு அந்தச் சாயங்காலத்துக்குப் போனது. "நீங்க படி இறங்குன பிறகு, சிஷ்யன் தம்புராவை உறையில போடப் போனான். 'இருடா, அவங்க திரும்பி வந்தாலும் வருவாங்க'ன்னு வித்வான் தடுத்தாரு. வேணாம்னு சொன்னவங்ககிட்ட வலியப் பாடுறது வித்வானுக்கு அழகில்லையாம். வெகுநேரம் வாசப்படியையே பாத்துக்கிட்டு இருந்தாரு" என்றார்.

என் கணவர் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நாங்கள் கீழே தெருவில் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். அவர் மேலே எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். இடையில் ஒரு மாடிப்படிதான்.

இவரும் போய்ப் பல வருஷமாகிவிட்டது. இப்போது யாராவது எனக்கு மனதாரப் பிரியமாக ஒன்றைக் கொடுக்க வந்தால் கூச்சப்படாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன். வாங்கும்போதெல்லாம், இதை இவருக்கு அன்று யாரும் சொல்லித் தரவில்லையே என்று நெஞ்சு வலிக்கிறது.