வலது கால் அக்கரையில்

காலை ஏழு நாற்பத்திரண்டு. வாழைச்சேனை பஸ்ஸில் எனக்கு முன்னாலிருந்த சீற்றின் விளிம்புக்கு மேலே முதலில் தெரிந்தது ஒரு நீலக் கை. பிளாஸ்டிக் கை. பிறகு ஒரு சதுரத் தலை. பிறகு அதைப் பிடித்திருந்த சின்னப் பெண்ணொருத்தியின் விரல்கள். அவள் அந்தச் சதுரத் தலையை உள்ளே தள்ளினாள், கால்களைப் பின்னால் மடித்தாள், நெஞ்சை ஒரு திருப்புத் திருப்பினாள். கார். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பது விநாடி. பத்திரிகைத் தொழிலின் பழக்கம், எதையும் நேரம் குறித்தால்தான் நம்புவேன். பதினொரு வயதில் என்னுடைய சாதனை இருபத்தாறு விநாடி.

வெயில் பட்ட புதுப் பிளாஸ்டிக்கின் மணம் பின்னால் வந்தது. உங்களுக்கு அது எதை நினைவூட்டுமோ, எனக்கு சின்ன மாமாவின் சூட்கேஸை. அவர் சவூதியிலிருந்து வந்து அதைத் திறந்தால் நாவற்குடாவில் எங்கள் முன்னறை முழுக்கப் பூச்சி உருண்டையும் சவர்க்காரமும் பிளாஸ்டிக்கும் மணக்கும்.

ரோபோவாகவும் வாகனமாகவும் மாறும் அந்தப் பொம்மைகளை நாங்கள் ‘மாறி’ என்போம். ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருந்தேன். காத்தான்குடிக் கடையில் வாங்கிய சிவப்பு ஜீப். பல் பிடுங்கும்போது அழாமல் இருந்ததற்காகக் கிடைத்த மஞ்சள் வான். (அழுதேன். அம்மா காணாததுபோல இருந்துவிட்டார்.) பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அம்மா, “அவ லொறி ஓடப் போறாவாம்” என்பார். எனக்கு இன்றுவரை சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருமுறை சின்ன மாமா ஐந்து வாகனங்கள் உள்ள பெட்டியொன்று கொண்டுவந்தார். அன்று மச்சாள் எங்கள் வீட்டில் நின்றாள். பெரிய மாமாவின் மகள், என்னைவிட ஒரு வயது இளையவள், வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் வீடு. “ஒண்டு எடு” என்றேன், பெரிய மனதோடு. அவள் வெள்ளை அம்புலன்ஸை எடுத்துக்கொண்டு போனாள். அவள் போய் இரண்டு நாள் கழித்துத்தான் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஐந்தையும் கொழுவினால் ஒரே பெரிய ரோபோ. அம்புலன்ஸ் அதன் வலது கால்.

அதன்பிறகு ஏழு மாதம் அந்த ரோபோ, எங்கள் பெரியவர், ஒற்றைக் காலில், சுவரில் சாய்ந்தபடி நின்றார். கையை எடுத்தால் விழுவார். நடுவில் வாவி, இந்தக் கரையில் ஆமி, அந்தக் கரையில் இயக்கம், இரண்டுக்கும் இடையில் ஒரு படகுத்துறை. பாதை திறந்திருந்த ஒரு பள்ளி விடுமுறையில் அம்மா பெரிய மாமா வீட்டுக்குப் புறப்பட்டார். நான்கு மாறிகளையும் நான் பையில் வைத்தேன்.

பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. ரோபோவாகக் கொண்டுபோனால் ஒவ்வொன்றின் கையிலும் சுடுவதுபோல நீட்டிய துவக்கு. வாகனமாகக் கொண்டுபோனால் அதில் ஒன்று பச்சை லொறி, இராணுவ லொறியை அப்படியே உரித்து வைத்தது. அம்மாவும் நானும் நெடுநேரம் யோசித்தோம்.

“அதுவுமில்லாம இதுவுமில்லாம பாதியா மடக்கு மகள்” என்றார் அம்மா.

எங்களுக்கு அது மிகச் சிறந்த யோசனையாகத் தெரிந்தது.

சோதனைச்சாவடியில் சிப்பாய் பையைத் திறந்தான். அரிசிக்கும் சீனிக்கும் நடுவில் ஆணி, சுருள்கம்பி, சில்லு, நீட்டிக்கொண்டிருந்த ஒரு கை. இரண்டடி பின்வாங்கினான். வரிசையே பின்வாங்கியது. வேறொருவன் ஓடிவந்தான். 

“இது என்னா?”

“விளையாட்டுச் சாமான் சேர்” என்றேன். மேசைக்குப் போகச் சொன்னான். பச்சை லொறியை முதலில் மடக்கினேன். லொறி. திருப்பினேன். ரோபோ. அந்தச் சிப்பாய்க்கு இருபது வயதுகூட இருக்காது. குனிந்து பார்த்தான்.

“ஆயெத்” என்றான். சிங்களத்தில், திரும்பவும் செய் என்று அர்த்தம்.

செய்தேன். உள்ளேயிருந்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள். நான்கையும் மாற்றிக் காட்டினேன். ஒருவன் தானே முயன்று ஒன்றின் தலையை இறுக்கிவிட்டான். நான் எடுத்துக் கொடுத்தேன். வரிசையில் என் பின்னால் மீன் பெட்டியோடு நின்ற மாமி ஒருவர் பொறுமையிழந்தார்.

“பிள்ள, கெதியா மடக்குகா! நீ முடிக்கிறதுக்குள்ள என்ட மீன் கருவாடாப் போயிரும்.”

கடைசியில் நான்கையும் கொழுவி நிறுத்தினேன். பெரியவர் என் கையில் ஆடினார். சிப்பாய் கீழே பார்த்தான்.

“கால் எங்கே?”

நான் வாவிக்கு அப்பால் கையைக் காட்டினேன். “அங்கால, மச்சாளிட்ட.”

அவன் அக்கரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்தான். “போ, போ” என்று பையை நீட்டினான்.

அக்கரையில் இயக்கத்து அக்கா ஒருவர் அதே பையைத் திறந்தார். நான் மாற்றிக் காட்டியதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார்: “எங்க, இன்னொருக்கா?”

மச்சாள் அம்புலன்ஸைப் பனையோலை உமலுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். தந்தால் திரும்பக் கிடைக்காது என்ற பயம். பெட்டியிலிருந்து வெட்டிக் கொண்டுபோன படத்தைக் காட்டியபிறகுதான் வெளியே எடுத்தாள். கொழுவினோம். ‘டக்’ என்றது. கையை எடுத்தேன். பெரியவர் நின்றார். மச்சாள் குதித்த குதியில் விழப்பார்த்தார், ஆனால் விழவில்லை. வட்டையிலிருந்து வயல் வேலை முடித்து வந்த பெரிய மாமா கால் கழுவாமலே வந்து குந்தியிருந்து பார்த்தார். பக்கத்து வீட்டார் வந்தார்கள், அவர்களுக்குப் பக்கத்து வீட்டாரும் வந்தார்கள். ஒரு கிழவர் பெரியவருக்கு வெற்றிலை நீட்டினார்.

கடைசிப் படகுக்கு நேரமானது. கழற்ற வேண்டும். மச்சாள் அம்புலன்ஸில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“நிக்கட்டும்” என்றேன். பெரிய மனது இம்முறை உண்மையாக வந்தது என்றே நம்புகிறேன்.

“அடுத்த லீவுக்கு முழுசாக் கொண்டுவாறன் மச்சாள்” என்றாள் அவள்.

திரும்பும்போது அதே சிப்பாய் வெறும் பையைத் திறந்து பார்த்து, “கோ?” என்றான். எங்கே என்ற கேள்வி. இரண்டு காலையும் அகட்டி, கைகளை இடுப்பில் வைத்து நின்று காட்டினேன். கைதட்டினான்.

அடுத்த விடுமுறையில் பாதை மூடியிருந்தது. அது திறந்தபோது எனக்குப் பதினைந்து வயது, பொம்மையைப் பற்றிக் கேட்க வெட்கம். அதற்குள் மாமா குடும்பம் இரண்டு தடவை இடம்பெயர்ந்திருந்தது. மச்சாள் இப்போது சுவிஸில். தொலைபேசியில் எல்லாம் பேசுகிறோம், இதைத் தவிர.

துறையில் இன்று பாலம் இருக்கிறது. போன மாதம் ஒரு செய்திக்காக அந்தப் பக்கம் போனேன். மாமாவின் வீடு நின்ற இடத்தில் சீமெந்துத் தளம் போட்டிருக்கிறார்கள். அதில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, பெரியவர் நின்றிருந்த இடத்திலும்.