சிட்டுக்குருவி கேட்கக் கூடாத வீடு

ரெதுவானின் கைப்பேசி பகலில் பெரும்பாலும் அவனிடம் இருக்காது. அது கூண்டின் மேல் கிடக்கும். வெள்ளைத் துணி போர்த்திய அந்தக் கூண்டுக்குள் மக்னீன் என்ற பாட்டுப் பறவையின் குஞ்சு ஒன்று உட்கார்ந்து, எப்போதோ செத்துப்போன பெரிய பாட்டுக்காரப் பறவை ஒன்றின் குரலைக் கைப்பேசிப் பதிவில் பாடம் கேட்டுக்கொண்டிருக்கும். நடுவில் மணி அடித்தால் பாடம் கெட்டுவிடும் என்று மணியை அடக்கி வைத்திருப்பான். அதனால் கூப்பிட்டால் அவன் எடுக்கமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காக யாரும் கவலைப்பட்டதில்லை.

அந்தப் பறவைக்காகத்தான் அவனும் பாதிஸும் விடுதியை விட்டு வெளியே வந்தார்கள். விடுதியில் பறவை வளர்க்கக் கூடாது. செதிஃப் நகரத்தில், மேட்டுத் தெருவின் நான்காம் மாடியில், ஒரு பழைய வீட்டைப் பிடித்தார்கள். ஒரு அறை, சமையலறை, ஜன்னலே இல்லாத குறுகிய நடை, நடையின் முடிவில் குளியலறை. எரிவாயுவில் எரியும் வெந்நீர்ப் பெட்டி குளியலறைச் சுவரிலேயே மாட்டியிருந்தது. அங்கே இருக்கக் கூடாததுதான். ஆனால் அந்தத் தெருவில் பாதி வீடுகளில் அங்கேதான் இருந்தது. பெட்டிக்கு எதிரே, கூரையை ஒட்டி, காற்றுக்காக இரண்டு கை அகலத்தில் ஒரு ஓட்டை.

இருவரும் வேளாண்மைப் படிப்பில் மூன்றாம் ஆண்டு. பாதிஸ் பிஸ்க்ராக்காரன். பேரீச்சை வெயிலில் வளர்ந்த உடம்பு. அக்டோபரிலேயே இரண்டு காலுறை போடுவான். ரெதுவான் பூகா மலைக்காரன். பனி பெய்யும்போதும் சட்டைக் கையை மடித்துவிட்டுத்தான் நடப்பான். வீட்டிலிருந்து ஆலிவ் எண்ணெய் கொண்டுவந்து மாடி முழுவதற்கும் ஊற்றிக் கொடுப்பான். டொமினோ ஆட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவான். பிடிபட்டால், "படிச்சவன் ஏமாத்தினா அதுக்குப் பேரு ஆராய்ச்சிடா" என்பான். மண்ணியல் பேராசிரியர் மூக்கைச் சிந்துவதுபோலவே சிந்திக் காட்டி, ஒருமுறை அவருக்குப் பின்னாலேயே நின்று பிடிபட்டான். அவரே சிரித்துவிட்டார்.

பறவை விஷயத்தில் மட்டும் அவன் விளையாடமாட்டான். அவன் அப்பாவும் பறவைக்காரர். பாடம் கேட்கும் குஞ்சின் காதில் சிட்டுக்குருவிச் சத்தம் விழக் கூடாது என்பது அவர்கள் குடும்பத்தில் சட்டம்போல. ஒரு தடவை விழுந்தால் போதும், குஞ்சு அதைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு எவ்வளவு பெரிய பாட்டைப் பாடினாலும் நடுவில் "சிக் சிக்" என்று ஒரு அசிங்கம் வந்து விழும். அப்படிப்பட்ட பறவையை யாரும் மதிக்கமாட்டார்கள். அதனால்தான் கூண்டை அந்த ஜன்னலில்லாத நடையில், குளியலறை வாசலருகே வைத்தான்.

நவம்பர் முதல் வாரம் அந்த ஓட்டைக்குள் ஒரு சிட்டுக்குருவி வந்து சேர்ந்தது.

"டேய் பாதிஸ், ஓடி வா! என் பிள்ளையைக் கெடுக்க ரவுடி வந்துட்டான்."

"உன் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டு சகவாசமே கூடாதா? பெரிய அமீர் வீட்டு வாரிசு!"

"சிரிக்காத. ஏதாவது துணி குடு. அடைக்கணும்."

பாதிஸிடம் முழங்கை தேய்ந்த பச்சை ஸ்வெட்டர் ஒன்று இருந்தது. நாற்காலியில் ஏறி, அதைச் சுருட்டி, ஓட்டைக்குள் திணித்தான். கீழே நின்ற ரெதுவான், "இன்னும் உள்ள தள்ளு, இன்னும்" என்றான். சத்தம் நின்றது. குளிர்ந்த காற்றும் நின்றது. பாதிஸுக்கு அது இரட்டைச் சந்தோஷம். அன்று முதல் குளித்துவிட்டு வரும்போது நடை முழுவதும் இதமாக இருந்தது.

அந்த மாதமே எரிவாயு அலுவலகத்து ஆள் ஒருவர் கல்லூரிக்கு வந்து எல்லோருக்கும் தாள் கொடுத்தார். காற்று வழியை அடைக்காதீர்கள் என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே தூங்குவதுபோல் கிடக்கும் ஒரு குடும்பத்தின் படம். மறுநாள் சாப்பாட்டு வரிசையில் வகுப்புத் தோழி நஸீஹா கேட்டாள்:

"அந்தத் தாளைப் படிச்சீங்களாடா ரெண்டு பேரும்? எங்க தெருவுல போன வருஷம் மூணு பேரு."

"என் பறவை தினமும் படிக்குது" என்றான் ரெதுவான். "கூண்டுக்கு அடியில அதைத்தான் விரிச்சிருக்கேன். படிச்சு முடிச்சிட்டு மேலயே கருத்தும் எழுதிடுது."

நஸீஹா சிரிக்கவில்லை. "நீ ஒருநாள் உன் வாயாலயே கெடப்போற" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

டிசம்பரில் பாதிஸுக்குத் தலைவலி ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் நெற்றியைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டதுபோல் இருக்கும். வகுப்புக்கு நடக்க நடக்க விட்டுவிடும். தேர்வு நேரம், தூக்கம் போதவில்லை என்று நினைத்தான். "பிஸ்க்ரா மூளை. குளிர்ல உறைஞ்சிடுது" என்றான் ரெதுவான். ஆனால் அவனும் ஒருநாள் குளித்துவிட்டு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கேட்டதற்கு, காலையில் சாப்பிடவில்லை என்றான்.

குஞ்சும் அடங்கிப்போனது. குச்சியில் உருண்டையாக உட்கார்ந்திருக்கும், கண் பாதி மூடி. ரெதுவானுக்கு அதில் பெருமை. "பார்த்தியா, எப்படிக் கேக்குது! வாயைத் திறக்காத மாணவன்தான்டா முதல் மாணவன்."

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, இருவரும் ஒருவர் பின் ஒருவராகக் குளித்து முடித்துத் கூண்டுத் துணியை விலக்கிப் பார்த்தபோது, குஞ்சு அந்தத் தாளின் மேல் மல்லாந்து கிடந்தது.

ரெதுவான் அன்று தொழுகைக்குப் போகவில்லை. தானியக் கடைக்காரன் பூசணம் பிடித்த விதையைத் தலையில் கட்டிவிட்டான் என்று திட்டினான். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றான். பாதிஸும் ஆமாம் என்றான். இரண்டு பேரும் மூன்று ஆண்டு அறிவியல் படித்தவர்கள்.

இரண்டு வாரத்தில் ரெதுவானின் அப்பா ஊரிலிருந்து இன்னொரு பறவையைக் கொடுத்து அனுப்பினார். பாடி முடித்த, வயதான பறவை. அதற்குப் பாடம் தேவையில்லை, இருட்டும் தேவையில்லை. ரெதுவான் அதைத் தெருப்பக்கத்து பால்கனியில் மாட்டினான். இனி எந்தச் சிட்டுக்குருவி வந்து என்ன கத்தினாலும் கவலையில்லை. ஸ்வெட்டரை எடுத்துவிடலாம் என்று பாதிஸுக்கு ஒருமுறை தோன்றியது. நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டான். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. மார்ச்சில் எடுத்துக்கொள்ளலாம் என்று நாற்காலியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தான்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை பாதிஸ் ஊருக்குப் புறப்பட்டான். ரெதுவான் வாசலில் நின்று, "பேரீச்சை கொண்டு வராம வந்தா உள்ள விடமாட்டேன்" என்றான். "உங்கம்மா தர்றதை வழியிலேயே முழுங்கிட்டு வந்துடாத. எனக்குக் கணக்குத் தெரியும்."

வெள்ளிக்கிழமை காலை பிஸ்க்ராவில் கண் விழித்தபோது பாதிஸுக்குத் தலைவலி இல்லை. இத்தனை நாள் எவ்வளவு வலித்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. காப்பி குடிக்கும்போது தங்கையிடம் சொன்னான். பறவை செத்த கதையையும் சொன்னான்.

"அந்தக் கூண்டு எங்கண்ணா இருந்துச்சு?" என்று கேட்டாள் அவள்.

"குளியலறை வாசல்ல."

சொல்லும்போதே அவன் கையிலிருந்த கோப்பை நின்றுவிட்டது. நாற்காலி ஞாபகம் வந்தது. பச்சை நிறம் ஞாபகம் வந்தது.

உடனே கூப்பிட்டான். மணி போய்க்கொண்டே இருந்தது. "அந்த ஸ்வெட்டரை எடுத்துடு. குளிக்கிறதுக்கு முன்னால எடு" என்று எழுதி அனுப்பினான். செய்தி போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் வந்தது. படித்ததற்கு அடையாளம் வரவில்லை. தொழுகைக்குப் போயிருப்பான் என்று நினைத்தான். அப்புறம், சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். அவன் போன் எப்போதும் அப்படித்தானே, குஞ்சு போன பிறகும் மணியை அடக்கியேதான் வைத்திருந்தான். மாடியில் வேறு யாருடைய எண்ணும் இவனிடம் இல்லை. வீட்டுக்காரர் கடல் தாண்டி மார்செய்யில் இருந்தார். நஸீஹாவைக் கூப்பிட்டான். அவளும் ஊருக்குப் போயிருந்தாள். "கிளம்பு. இப்பவே கிளம்பு" என்று மட்டும் சொன்னாள். ஆனால் வழியில் பாத்னா அருகே பனியால் சாலையை மூடிவிட்டார்கள். வண்டி எதுவும் புறப்படவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை முதல் வண்டியைப் பிடித்தான். மடியில் பேரீச்சைப் பெட்டி. வழியெல்லாம் பனி ஓரத்தில் குவித்துக் கிடந்தது. வெயில் வந்திருந்தது.

மேட்டுத் தெருவில் ஏறும்போது பறவையின் பாட்டுக் கேட்டது. நான்காம் மாடி பால்கனியிலிருந்து, நிறுத்தாமல், தெரு முழுவதும் கேட்கும்படி. ரொட்டிக் கடைக்காரர்கூட வெளியே வந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்திலேர்ந்து என்னமா பாடுது பாருப்பா!" என்றார்.

அப்படியானால் ஒன்றும் ஆகவில்லை என்று பாதிஸ் நினைத்தான். கடை வாசலில் நின்று இரண்டு ரொட்டி வாங்கினான், சூடாக. மாடிப்படியில் மெதுவாகத்தான் ஏறினான். என்ன திட்டு திட்டலாம் என்றுகூட யோசித்து வைத்தான்.

ரெதுவான் நடையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வெள்ளிக்கிழமைக்கான வெள்ளை அங்கி போட்டிருந்தான். தலை வாரியிருந்தான். ஒரு காலில் மட்டும் காலுறை இருந்தது. இன்னொன்று கையில் இருந்தது.

தீயணைப்புக்காரர்கள் வருவதற்கு முன்னால் பாதிஸ் ஜன்னல்களைத் திறந்தான். பிறகு நாற்காலியில் ஏறி ஸ்வெட்டரை இழுத்தான். அதன் பின்னாலிருந்து காய்ந்த புல்லும் இறகும் கொட்டின. வெளிப்பக்கம் சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது. ஸ்வெட்டரைத் தன் பைக்குள் திணித்துக்கொண்டான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரியாது. காவல்துறை அதிகாரி கேட்டபோது, பழைய வெந்நீர்ப் பெட்டி என்றான். அவரும் அதையே எழுதிக்கொண்டார்.

அடக்கம் முடிந்து நான்காம் நாள் ரெதுவானின் அப்பா சாமான்களை எடுக்க வந்தார். உயரமான மனிதர், மகனைப்போலவே சட்டைக் கையை மடித்திருந்தார். துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்தார். நடையைக் கடக்கும்போது குளியலறை வாசலில் நின்றார். குனிந்து தரையிலிருந்து ஒரு புல்லை எடுத்தார். நிமிர்ந்து ஓட்டையைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"இது தொறந்துதான் இருந்துச்சாப்பா?"

பாதிஸ் பையைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"இல்ல பெரியப்பா. இது இருந்துச்சு. என்னோடது. நான்தான் வெச்சேன்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேய்ந்த முழங்கையில் ஒட்டியிருந்த ஒரு சின்ன இறகை விரலால் எடுத்தார்.

"சிட்டுக்குருவிக்காகவா?" என்று கேட்டார். "அவன் வெக்கச் சொன்னானா? நான்தான் அவனுக்கு..."

அவரை அந்த வாக்கியத்தை முடிக்க விடக் கூடாது என்று பாதிஸுக்குத் தோன்றியது.

"இல்ல பெரியப்பா" என்றான். "எனக்குக் குளிருச்சு."

அவர் நம்பினாரா என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஸ்வெட்டரையும் மடித்தார், மகனின் துணிகளை மடித்த அதே கவனத்தோடு. அதை அவன் கையில் வைத்துவிட்டு, கூண்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். இரண்டாம் மாடி வரைக்கும் பறவை பேசாமல் இருந்தது. அப்புறம் பாட ஆரம்பித்தது.