பேயாண்டி மூக்கைப் பொத்திய மூலை

பேயாண்டியைப் போல அருவருப்புப்படுவதற்கென்றே பிறந்த விவசாயியை நாகமலைக்கு வடக்கே யாரும் பார்த்ததில்லை. மாடு வாலைத் தூக்கினால் அவன் இரண்டு வயல் தள்ளிப் போய் நிற்பான். சாணிக் கூடையோடு ஒருத்தி எதிரே வந்தால் வரப்பை விட்டிறங்கிச் சேற்றில் நடப்பான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரன் ரசம் உறிஞ்சும் சத்தத்துக்கே இலையை மூடிவிட்டு எழுந்து வந்தவன். இப்படிப்பட்டவன் ஏன் உழவுக்கு வந்தான் என்று கேட்டால், அப்பன் செய்தான், அவனும் செய்தான். வேறு காரணம் கிடையாது.

நிலமும் சொந்தமில்லை. கோரிப்பாளையத்தில் துணிக்கடை வைத்திருந்த அப்துல் வஹீது பாயின் நிலம். அப்பன் காலத்திலிருந்து குத்தகை. கிழக்கே வண்டிப்பாதை. அந்தப் பாதையோரத்து மூலைதான் பேயாண்டியின் பரம எதிரி. விடியற்காலையில் பாதி ஊர் சொம்பும் கையுமாக அங்கேதான் வந்து குந்தும். முள்ளை வெட்டிப் போட்டான். முள்ளை ஒதுக்கிவிட்டுக் குந்தினார்கள். திட்டிப் பார்த்தான். குந்தியபடியே நலம் விசாரித்தார்கள்.

"என்ன மாப்ள, வெள்ளனவே கோவமா கெளம்பிட்ட, காப்பித்தண்ணி குடிக்கலையா?" என்பான் முத்திருளன். மச்சான் முறை. முள் ஒதுக்குவதில் ஊரிலேயே கெட்டிக்காரன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் மதுரைக் கடைகளில் அமோனியா உப்பு என்ற புது உரம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. வெள்ளை வெளேரென்று சீனி மாதிரி இருந்ததைக் கையில் அள்ளிப் பார்த்த பேயாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரமே மாடுகளை விற்று, உழவுக்கு வாடகை ஏர் பேசிக்கொண்டான். குப்பைக்குழியை மூடி மேலே செவ்வந்தி நட்டான். கண்மாய் வண்டல் அடிப்பதையும் நிறுத்தினான்.

"ஊரு மாடு அம்புட்டையும் குளிப்பாட்டின சகதி. அதை எதுக்கு நான் சுமக்கணும்?" என்று பெண்டாட்டி அன்னக்கொடியிடம் கேட்டான்.

இரண்டு வருஷம் நெல் கொட்டியது. சுத்தமான மனிதனுக்கு மண் காட்டும் மரியாதை என்று நினைத்துக்கொண்டான். மூன்றாம் வருஷம் பயிர் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டது. இலையெல்லாம் பழைய ஆணி போலத் துருப் புள்ளி. கதிரில் பாதி பதர். இன்னும் உப்பைக் கொட்டினான். பயிர் இன்னும் துருப்பிடித்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கரும்பச்சையாக, இடுப்புயரத்துக்கு நின்றது. அது எந்த இடம் என்று எழுதவே நமக்குக் கூசுகிறது.

வஹீது பாய் வந்து ஒரு கதிரை உருவி ஊதினார். பாதி பறந்துபோனது.

"அடுத்த போகமும் இப்படித்தான்னா முத்திருளன்கிட்ட விட்டுருவேன் பேயாண்டி. மனசுல வச்சுக்காதே."

நிலம் போவது ஒரு பக்கம். போயும் போயும் அவனிடமா போக வேண்டும்? பேயாண்டி விவசாய இலாகா அதிகாரியைத் தேடிப்பிடித்து அழைத்து வந்தான். அவர் இலையைக் கிள்ளிப் பார்த்தார்.

"சாம்பாருக்குப் பெருங்காயம் எவ்வளவு போடுவீங்க?"

"ஒரு சிட்டிகை."

"நெல்லுக்கும் அப்படித்தான். துத்தநாகம், இரும்புன்னு சிலது மண்ணுல சிட்டிகை இருந்தாப் போதும், இல்லாட்டி மணி பிடிக்காது. உங்க வெள்ளை உப்புல அது கிடையாது. சாணியிலயும் வண்டல்லயும் வந்துக்கிட்டு இருந்துச்சு, நிறுத்திட்டீங்க. மிச்சம் இருந்ததைப் பயிர் சுரண்டித் தின்னு தீத்துருச்சு."

"அந்த மூலை மட்டும்…"

அதிகாரி கைக்குட்டையால் மூக்கை மூடினார். "அங்கதான் ஊரே சிட்டிகை போடுதே."

பேயாண்டி வரப்பிலேயே வாந்தி எடுத்தான்.

வண்டல் எடுக்கலாமென்றால் கண்மாய் தளும்பிக் கிடந்தது. சாணி கேட்டுப் போன வீட்டிலெல்லாம், "அண்ணே, ஒங்க மூக்குக்கு ஒத்துக்காதே" என்று சிரித்து அனுப்பினார்கள். அறுவடை முடிந்து வயல் சும்மா கிடந்தபோது அன்னக்கொடிதான் சொன்னாள்.

"முள்ளை எடுங்க. மூலைல போறவுக வயலு பூராவும் போகட்டும். பொறவு உழுது போட்ருவோம்."

முகத்தைத் திருப்பிக்கொண்டே முள்ளை எடுத்தான். மறுநாள் ஒருத்தரும் வரவில்லை. முள்ளையே ஒதுக்கி வந்த ஜனம், வழி திறந்ததும் மிரண்டுவிட்டது. ஏதோ செய்வினை வைத்திருக்கிறான் என்று பேச்சு. அந்த மூலைகூடக் காலியாகக் கிடந்தது.

பேயாண்டி முத்திருளன் வீட்டுக்குப் போனான்.

"நீங்க பாட்டுக்கு வாங்க மச்சான். எங்க வேணா குந்துங்க."

"இத்தனை வருஷம் நாயை விரட்டுன மாதிரி விரட்டிட்டு, வாய் வார்த்தையா கூப்பிட்டா வந்துருவமா? முறையா வெத்தலை பாக்கு வச்சு அழை. ஊரைக் கூட்டிக்கிட்டு வாரேன்."

காது குத்துக்கு அழைப்பதுபோல் தட்டெடுத்து வீடு வீடாக அழைத்தான் பேயாண்டி. அழைப்பை ஒருவரும் தட்டவில்லை. வராத உறவெல்லாம் வந்தது. பிறகு அவன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உழுதான். உழுது முடிக்கும்வரை சோறு இறங்கவில்லை.

தை மாதம் வஹீது பாய் வந்தபோது கதிர் தரையைத் தொட்டது. ஒன்றை உருவி உள்ளங்கையில் தேய்த்தார். ஒரு பதர் இல்லை.

"மாஷா அல்லா. குத்தகை உனக்குத்தான்."

அப்போது பாதையிலிருந்து முத்திருளன் சொம்போடு இறங்கினான். பாயைப் பார்த்ததும் சொம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"நீ எங்கப்பா இங்க?" என்றார் பாய்.

வரப்பில் நின்ற அன்னக்கொடி முந்திக்கொண்டாள்.

"உரம் போட வந்திருக்காரு மொதலாளி. ஆரம்பத்துலேர்ந்து அவரு ஒத்தாசைதான்."

பாய் நெகிழ்ந்துபோனார். "குத்தகைக்குப் போட்டியா நின்னவன், அவனுக்கே உரம் போடுறியா? இந்த மனசு யாருக்கு வரும். பேயாண்டி, வந்தவரை வாங்கன்னு கூட கேக்காம நிக்கிறியே."

பேயாண்டி மூக்கைப் பொத்திக்கொண்டு, "வாங்க மச்சான்" என்றான்.