டிவிக்கு எதிராக எழுதிய மனு

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து பேச உட்கார்ந்தவர்கள் ஐந்து பேர்: பாஸ்டர், பாஸ்டரம்மா, மைக்செட் வாடகைக்கு விடும் மூப்பர், செல்லூரில் தறி ஓட்டும் அக்கா, மனு எழுத நான். வாலிபர் கூட்டத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. ஜெபத்தைக் கேலி செய்த அந்த டிவி வீடியோவைப் பார்த்துச் சிரித்துவிட்டு எந்த முகத்தோடு வருவது என்று அவர்களில் ஒருவன் என்னிடம் முன்பே சொல்லியிருந்தான்.

அது ஒரு டிவி காமெடி நிகழ்ச்சியில் வந்தது. பாஸ்டர் வேடம் போட்டவர் ஒரு பெண்ணின் தலையில் கை வைத்துக் கத்துவார். அவள் கம்பைத் தூக்கி எறிந்துவிட்டு மேடையில் ஓடுவாள். திரைக்குப் பின்னால் போனதும் நொண்டிக்கொண்டே, "என் கம்பு எங்கடா?" என்பாள்.

எங்கள் சபையில் டிவி பார்ப்பதில்லை. "இத யாரு பாத்தது?" என்று பாஸ்டர் கேட்டார். மூப்பர், "கேள்விப்பட்டதுதான் ஐயா" என்று ஆரம்பித்து ஒரு வசனம் விடாமல் சொல்லி முடித்தார்.

"கேள்விப்பட்டதே இம்புட்டா? பாத்திருந்தா நடிச்சே காட்டியிருப்பீக" என்றார் பாஸ்டரம்மா.

மறுநாள் கலெக்டர் ஆபீசில் மனு கொடுப்பது என்று முடிவானது. வேனுக்கென்று அன்று காலையே வசூலித்த இரண்டாயிரம் ரூபாய் மூப்பரிடம் இருந்தது. சுகம் பெற்ற ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் மனுவுக்குக் கனம் என்றார் பாஸ்டர். அக்காவை இருக்கச் சொன்னது அதற்காகத்தான். போன வருடம் அவனியாபுரம் ஜெபக் கூட்டத்தில், முழங்கால் வலி போய்விட்டது என்று சாட்சி சொன்னவர் அவர். அதைக் கேட்டுச் சபைக்கு வந்த குடும்பங்கள் உண்டு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மனு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். 'எனது முழங்கால் வலி ஜெபத்தினால் முழுவதும் நீங்கியது' என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

அக்கா பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடவில்லை.

"தம்பி, அந்த முழுசும்ங்கிறத எடுத்துரு."

"ஏங்க்கா?"

"அது இல்லன்னா மனுவே நிக்காதும்மா. டிவிக்காரவிங்க சொன்னது சரின்னு ஆயிரும்" என்றார் மூப்பர்.

"ஆறு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. நான் பொய் சொல்லல. இப்ப தறிகிட்ட ஒரு மணி நேரம் நிக்க முடியல. சாட்சி சொன்ன காலத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவேன்? நம்ம ஆளுக பாத்தா என்ன சொல்லுவாக?" அக்கா பேனாவைத் தரையில் வைத்தார். "அந்தப் பொம்பளையாச்சும் கம்பக் கேட்டா. நான் கேக்கவும் இல்ல."

பாஸ்டர் ஏதாவது வேத வசனம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மனைவி பக்கம் திரும்பி, "கால் எப்படியிருக்குன்னு நான் ஒரு தடவையாச்சும் கேட்டனா?" என்றார்.

"கேக்கல."

ஜெபத்தைக் கேலி செய்ததில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் அந்தத் தாளை மடித்து நானே சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வேன் வரவில்லை. பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் அக்காவை ஆட்டோவில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். நானும் போனேன்; மூப்பர் வேன் காசோடு அங்கே வந்து சேர்ந்தார். பாஸ்டர் ஆராதனைக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி வாசல் பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் பீஸ், எக்ஸ்ரே, மாத்திரை, முட்டிக்குப் போடும் உறை. வேன் காசு போதவில்லை. மீதியை மூப்பர் போட்டார். மொத்தம் இரண்டாயிரத்து நானூற்று முப்பது ரூபாய்.