டயர் தடம் காட்டிய ஏரிக்கரை

மிச்சிகனில் பள்ளிப் பேருந்து ஓட்டும் இர்மா கோஸ்கெலா, கோடை வந்தால் தேசியக் காட்டுக்குள் காசில்லாமல் கூடாரம் போட இடம் தேடிக் கிளம்பிவிடுவாள். இந்த முறை புதுக் கணவன் டேலும் கூட வந்தான். இருட்டுவதற்குள் இடம் கிடைக்காவிட்டால் சாலையோர மோட்டலில் அறை எடுப்பதுதான், இனி காட்டுப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

புதர் மூடிய மண்பாதையில் இர்மா வண்டியைத் திருப்பினாள்.

“இது எங்கயும் போகாது, இர்மா.”

“டயர் தடத்தப் பாரு. முன்னாடி வந்தவன் ரிவர்ஸ்ல வெளிய வந்திருந்தா கோணக்கோணயா இருக்கும். நேரா வெளிய வந்திருக்கான்னா, உள்ள வண்டி திருப்ப இடம் இருக்கு.”

மரங்கள் விலகி ஏரி தெரிந்தது. கரையில் கரி படிந்த கற்கள் வட்டமாகக் கிடந்தன. அடுத்து வருபவருக்காக யாரோ விறகை மரப்பட்டையால் மூடி வைத்திருந்தார்கள்.

“மோட்டலுக்குக் கிளம்பலாமா?” என்றாள்.

“வாய மூடிட்டு அந்த முனையப் பிடி,” என்றான் டேல், கூடாரத்தை உதறிக்கொண்டே.